மண்ணைப் பற்றும் ஆறு முளைகள்

மரமோ பாறையோ இல்லாத வெட்டவெளியில் கனத்த சுமையை வடம் கட்டி இழுக்க நேரும்போது, இழுக்கும் பொறியே இடம்பெயர்ந்துவிடாதபடி அதைத் தரையோடு பிணைக்க ஒரு பிடிமானம் தேவைப்படுகிறது. அதற்கென இராணுவப் பொறியியல் கையேடுகள் விவரிக்கும் அமைப்புகளுள் அழகு மிக்கது ‘3-2-1’ எனப்படும் முளைவரிசையாகும். சுமையை நோக்கிய முன்வரிசையில் மூன்று, அதன் பின்னே இரண்டு, கடைசியில் ஒன்று என ஆறு முளைகள் இழுவையின் கோட்டிலேயே அடிக்கப்படுவதால் இப்பெயர் அமைந்தது. ஏறத்தாழ 5 அடி நீளமுள்ள ஒவ்வொரு முளையும், சுமைக்கு எதிர்ப்புறமாகச் செங்குத்திலிருந்து சுமார் 15 பாகை சாய்ந்து, 3 அடி ஆழத்துக்குச் சம்மட்டியால் இறக்கப்படுகிறது.

இதன் நுட்பமெல்லாம் கட்டில்தான் இருக்கிறது. முன்முளைகளின் தலையிலிருந்து பின்முளைகளின் அடிக்குக் கயிறு பல சுற்றாகச் சுற்றப்பட்டு, அச்சுற்றுகளுக்கிடையே ஒரு கழி செருகி முறுக்கப்பட்டு, விறைப்பு ஏறியதும் அக்கழியின் முனை மண்ணில் ஊன்றப்படுகிறது. முன்முளை சாய முற்படும்போது அதன் தலை பின்முளையின் அடியைத்தான் இழுக்கும். தரைமட்டத்தில் இழுபடும் முளையைக் கவிழ்ப்பது கடினம் என்பதால், ஒன்றின் பலவீனமான இடத்தை மற்றொன்றின் வலுவான இடம் தாங்குகிறது. சிமெண்டோ இரும்போ இன்றி இவ்வளவு தெளிவாகச் சிந்திக்கப்பட்ட கருவி அரிது. வேலை முடிந்ததும் அதைப் பிடுங்கிச் சுமந்து சென்றுவிடலாம்.

நடுத்தர ஈரமுள்ள இருபொறைமண்ணில், அதாவது மணலும் களியும் கலந்த விளைநில மண்ணில், ஒற்றை முளை ஏறத்தாழ 320 கிலோ இழுவையையும் 3-2-1 வரிசை ஏறத்தாழ 1,800 கிலோ இழுவையையும் தாங்கும். ஆற்றுக்களியும் மணலும் கலந்த ஈரநிலத்தில் இத்திறன் பாதியாகக் குறைகிறது.