‘உயிருக்கு ஆபத்து’ என்றால் எது? அரசாணை 355 பற்றி

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத உடலோடு பிறக்கும் இன்டர்செக்ஸ் குழந்தைகளுக்கு ‘சரிசெய்யும்’ ஆபரேஷன் கூடாது, பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்று அதில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் எழுதினார். ஆகஸ்டில் தமிழக அரசு ஆணை 355 போட்டுத் தடை விதித்தது. விலக்கு ஒன்றே ஒன்றுதான்: உயிருக்கு ஆபத்தான நிலை.

தடை சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் விமர்சனம் அந்த விலக்கைப் பற்றி மட்டும்.

இந்தக் குழந்தைகளின் இனச்சுரப்பியை எடுக்கச் சொல்லப்படும் பெரிய காரணம் கேன்சர் பயம். விந்தணுவாகவோ கருமுட்டையாகவோ ஆக வேண்டிய செல்கள் முதிராமல் பாதியில் நின்றுவிடும். கூடவே ஒய் குரோமோசோமின் ஒரு குறிப்பிட்ட பகுதியும் இருந்தால், அவை ஜெர்ம் செல் கட்டியாக மாற வாய்ப்பு அதிகம்.

ஆனா இந்த ரிஸ்க் எல்லாருக்கும் ஒன்னு இல்ல. 2006-ல் வந்த சர்வதேச மருத்துவர்களின் ஒருமித்த அறிக்கையைப் பாருங்க. சுரப்பி சரியாக உருவாகாமல், ஒய் பகுதியோடு வயிற்றுக்குள்ளேயே தங்கியிருந்தால் 15 முதல் 35 சதவீதம். ஆண்ட்ரோஜன் ஹார்மோனை உடல் முழுசாகவே ஏற்காதவர்களுக்கு 2 சதவீதம்தான். இவர்களுக்குப் பருவம் வருவதற்கு முன் கட்டி வருவது அபூர்வம், வயது கூடும்போது ரிஸ்க்கும் கூடும். சுரப்பியை விட்டுவைத்தால் பருவ வளர்ச்சி தானாக நடக்கும். எடுத்துவிட்டால் வருஷக்கணக்கில் ஹார்மோன் மருந்துதான்.

இப்போ அரசாணைக்கு வருவோம். 30 சதவீத ரிஸ்க் ‘உயிருக்கு ஆபத்தா’? இன்றைக்கு இல்லை, பத்து வருஷத்தில் இருக்கலாம். 2 சதவீதம்? இல்லவே இல்லை. ஆனா ‘கேன்சர் வந்துடும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் எந்தப் பெற்றோரும் கையெழுத்துப் போடுவாங்க. அட்டவணை கேட்கும் இடத்தில் ஒரே ஒரு ‘இஃப்’ எழுதிய கோடு மாதிரி இருக்கு இது. விலக்கைத் தளர்த்திப் படித்தால் தேவையில்லாதவங்களையும் வெட்டும், இறுக்கிப் படித்தால் தேவையானவங்களை விட்டுடும். முடிவெடுக்கும் குழுவில் அறுவை மருத்துவர், ஹார்மோன் மருத்துவர், சமூகப் பணியாளர் அல்லது உளவியலாளர், அரசுப் பிரதிநிதி என்று இடம் இருக்கு. திசுவைப் பார்த்துச் சொல்லும் நோய்க்குறியியல் மருத்துவருக்கு இடம் இல்லை.

இன்னொரு பெரிய ஓட்டை, கண்காணிப்பு. எடுக்காமல் விடுவது என்றால் சும்மா விடுவது இல்லை. முதலில் குரோமோசோம் சோதனை, பிறகு வருஷா வருஷம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. ஸ்கேனில் ஆரம்பகட்ட மாற்றம் தெரியாமலும் போகலாம், அதனால்தான் தவறாமல் போகணும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வயசுக்கு வரலைன்னு பதினாறில் முதன்முதலாக டாக்டரிடம் வந்தால், அவள் ஒவ்வொரு வருஷமும் மலை இறங்கி வரணும். கள்ளக்குறிச்சியில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு. ஆனா அவளை யார் கூப்பிடுவாங்க, பஸ் காசு, ஒருநாள் கூலி யார் தருவாங்க என்பதற்கு ஆணையில் ஒரு வரிகூட இல்லை.

இது பெரிய செலவு கேட்கும் திருத்தம் இல்லை. நோய்வகைப்படி ஒரு ரிஸ்க் அட்டவணை, குழுவில் ஒரு நோய்க்குறியியல் மருத்துவர், மாவட்ட அளவில் ரகசியம் காக்கும் ஒரு பதிவேடு, பயணப்படி. வெட்டாதே என்று சொன்ன அரசு, வெட்டாமல் விட்டவளைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.