பொழியோரத்துக் கொழுக்கட்டைப் புல்

கார்த்திகை மாதத்தில், விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், சூரியனுக்கு எதிர்முகமாக நின்று பார்க்க வேண்டிய புல் கொழுக்கட்டைப் புல். சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடத்தை நோக்கி வரும் வழியில், மண் செவலாகவோ சரளாகவோ இருக்கிற ஓரங்களிலும் புஞ்சை வரப்புகளான பொழிகளிலும் அது தூர் தூராக நிற்கும். நடுப்பகலில் கடந்து போகிறவர் திரும்பிப் பார்க்க அதில் ஒன்றும் இருக்காது. முழங்கால் உயரம், தூசி படிந்த தோகை, விரல் நீளத்துக்குக் கதிர், அவ்வளவுதான். அதே தூருக்குப் பின்னால் இளவெயில் வந்து நின்றால் கதிரின் நடுப்பகுதி கருஞ்சிவப்பாகத் தெரியும். அதைச் சுற்றியிருக்கும் சுணைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒளிரும். கொண்டல் காற்று லேசாக வீசினால் ஐம்பது, அறுபது கதிர்களும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே நேரத்தில் நிமிராமல், ஒன்றன்பின் ஒன்றாக நிமிரும்.

ஒரு கதிரை ஒடித்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். பார்வைக்கு ஒரே தூவியாகத் தெரிவது உண்மையில் நெருக்கமாக அடுக்கிய சிறுசிறு கொத்துகள். ஒவ்வொரு கொத்தின் நடுவிலும் ஒன்று முதல் நான்கு சிறுகதிர்கள் இருக்கும். அவற்றைச் சுற்றி இரண்டு அடுக்குச் சுணைகள். வெளி அடுக்கு குட்டையாக, மெல்லியதாக இருக்கும். உள் அடுக்கு நீளமாக, அடியில் சற்றுத் தட்டையாக, கீழ்ப்பாதியில் மெல்லிய பூமயிரோடு இருக்கும். அந்த மயிர்தான் மார்கழிப் பனியைப் பிடித்து வைப்பது. இதே இனத்தில் வேட்டியில் குத்தி ஒட்டிக்கொண்டு வீடுவரை வருகிற புற்களும் உண்டு. இது குத்தாது, கன்னத்தில் தேய்த்தால்கூட மெத்தென்றிருக்கும். முற்றியதும் கொத்து அப்படியே சுணையோடு கழன்று விழும். எல்லாம் உதிர்ந்தபின் தண்டின் நுனியில் மிஞ்சுவது, இப்படியும் அப்படியும் நெளிந்து போகிற ஒரு மெல்லிய நரம்பு. முழுக் கதிரை ரசிக்கிறவர்கள் பலர் இருக்கலாம், அந்த வெறும் நரம்பையும் ரசிக்கத் தெரிந்தவரைத்தான் நான் புல் பைத்தியம் என்று ஒத்துக்கொள்வேன்.

இந்தப் பக்கத்தில் இது மாட்டுக்கும் ஆட்டுக்கும் உரிய புல். அழகுக்காக வளர்ப்பது என்று சொன்னால் வியப்பாகக் கேட்பார்கள். நகரத்து நர்சரிகளிலும் ஓட்டல் வாசல்களிலும் இப்போது ‘பவுன்டன் கிராஸ்’ என்று ஒன்றைத் தொட்டிகளில் வைக்கிறார்கள். செங்கருப்புத் தோகை, வளைந்து தொங்கும் நீளக் கதிர். விதை பிடிக்காத கலப்பினம் அது. அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் நம் பொழியில் நிற்பதும் பங்காளிகள். கரிசல் சனங்களுக்குச் சோறு போட்ட கம்பும் அதே வம்சம்தான். கம்பை ஒரு பேரினத்திலும் கொழுக்கட்டைப் புல்லை வேறொன்றிலும் வைத்திருந்த தாவரவியலாளர்கள், 2010-இல் இரண்டையும் ‘செங்க்ரஸ்’ என்ற ஒரே பேரினத்துக்குள் கொண்டுவந்தார்கள். கம்மங்கதிரையும் கொழுக்கட்டைக் கதிரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தச் சாடை தெரியும்.

புல்லைத் தோட்டத்துக்குள் மரியாதையோடு அழைத்து வந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் வாழ்ந்த கார்ல் ஃபோர்ஸ்டர். புற்களும் பெரணிகளும் தோட்டத்துக்குள் நுழைவதைப் பற்றி 1957-இல் அவர் தனி நூலே எழுதினார். அவருக்குப் பின் நெதர்லாந்தின் பீட் ஔடால்ஃப் வந்தார். நியூயார்க்கில் பழைய ரயில் பாலத்தின் மேல் 2009-இல் திறக்கப்பட்ட ஹைலைன் பூங்காவின் நடவு அவர் கைவண்ணம். பச்சையாக இருக்கும்போது மட்டுமல்ல, காய்ந்து நிற்கும்போதும் செடிக்கு அழகு உண்டு என்று நட்டுக் காட்டியவர் அவர். அங்கே செடியைக் காய வைப்பது பனிக்காலம். இங்கே கோடை. காய்ந்த புல்லின் பொன்னிறத்தை மாசி முதல் ஆவணி வரை பார்த்துக்கொண்டிருக்கிற திருவேங்கடத்துக்காரர்களுக்கு அந்தக் கண் இயல்பாகவே வாய்க்க வேண்டும்.

வளர்ப்பதில் முதல் சிக்கல் மண். இந்தப் பக்கத்துக் கரிசல் பருத்திக்கும் உளுந்துக்கும் தாய்தான், கொழுக்கட்டைப் புல்லுக்குச் சரிப்படாது. ஐப்பசி மழையில் கரிசல் நீரைக் குடித்து உப்பிக் களியாகிவிடும். தண்ணீர் தேங்கினால் இந்தப் புல்லின் தூர் அழுகும். கோடையில் அதே மண் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும்போது இளவேர் அறுந்துபோகும். மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வர முளைக்கும் தெம்பில்லை. புல் ஏன் புஞ்சை நடுவில் இல்லாமல் பொழியில் நிற்கிறது என்பதற்கு உழவு ஒரு காரணம், இது இன்னொரு காரணம். பொழி மேடு, நீர் வடிந்துவிடும்.

ஆகவே வீட்டிலும் ஒரு பொழியைத்தான் உண்டாக்க வேண்டும். ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி, வெட்டியெடுத்த கரிசலில் ஒரு பங்கு, சரளோ செவல் மண்ணோ ஒரு பங்கு, ஓடை மணல் ஒரு பங்கு என்று கலந்து திரும்ப நிரப்பி, தரைமட்டத்துக்கு அரையடி மேலே மேடு கட்டிவிட வேண்டும். தொட்டியில் வைப்பதானால் அகலமானதாக, அடியில் ஓட்டை தாராளமாக உள்ளதாகப் பார்க்க வேண்டும். தரையில் என்றால் இதன் வேர் ஆள் உயரத்துக்கும் கீழே போகும். அந்தச் சுகம் தொட்டியில் இல்லை என்பதால் தொட்டிப் புல் எப்போதும் ஒரு பிடி சிறியதாகவே நிற்கும்.

நடுவதற்குப் பக்கத் தூர்களைப் பிரித்து எடுப்பதே எளிது. புரட்டாசியில் முதல் மழை விழுந்து மண் நெகிழ்ந்ததும் நல்ல தூராகப் பார்த்துக் கடப்பாரையால் நெம்பி, வேரோடு இரண்டு மூன்று தண்டு சேர்ந்த துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். தோகையை ஒரு சாண் விட்டு நறுக்கிவிட வேண்டும். வேர் பிடிப்பதற்குள் இலை நீரை இழுத்துத் தீர்த்துவிடாமல் இருக்கத்தான் இது. துண்டுக்குத் துண்டு ஒன்றரை அடி. நெருக்கி நட்டால் தூரின் உருண்டை வடிவம் தெரியாமல் வெறும் புற்காடாகிவிடும். வேர் பிடிக்கும்வரை மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அதற்குமேல் செய்கிற உபசாரமெல்லாம் கெடுதல்தான். தினமும் தண்ணீர் ஊற்றி, யூரியாவும் தூவினால் தோகை கொழுத்து வளரும், கதிர் குறையும், தண்டு நிற்கத் திராணியின்றிச் சாய்ந்து படுத்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால் இரண்டு கை ஆட்டுப் புழுக்கையைப் பொடித்துத் தூரைச் சுற்றிப் போட்டால் தாராளம். வெயில் முழுநாளும் விழ வேண்டும். வேப்ப மர நிழலில் வைத்த தூர் பச்சையாக இருக்கும், பூக்க மனம் வராது.

எல்லாவற்றிலும் நுட்பமான வேலை அறுப்புதான். கொழுக்கட்டைப் புல்லின் தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் சின்ன வெங்காயத்தின் அடிபோலப் பருத்திருக்கும். அடுத்த தளிருக்கு வேண்டிய மாவுச்சத்தை அது அங்கேதான் சேமிக்கிறது. ஒட்ட அறுத்தால் சேமிப்பும் போய்விடும், தளிர் வந்தாலும் நோஞ்சானாக வரும். நான்கு விரல்கடை முதல் அரைச் சாண் வரை தாள் நிற்கும்படி, பண்ணரிவாளால் ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். மழுங்கிய அரிவாள் தாளை நாராக்கி, தூரையே பிடுங்கிக்கொண்டு வரும். நேரம் ஆவணிக் கடைசி. அதற்கு முன்னால் கை வைக்கவே கூடாது என்பேன். ஆடியில் மேகாத்து சுழற்றியடிக்கும்போது காய்ந்த தாள்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை இருக்கிறதே, அதற்காகவே புல்லை அறுக்காமல் விட்டுவைக்கலாம். அறுத்த தூர் சில வாரம் மொட்டையாக, பார்க்கச் சகிக்காமல்தான் இருக்கும். மழை விழுந்ததும் ஒரு வாரத்தில் பச்சை கட்டிவிடும்.

மூன்று நான்கு வருடமானால் தூரின் நடு செத்து, ஓரம் மட்டும் வளையமாகத் தழைக்கும். அப்போது முழுவதையும் பெயர்த்து, நடுவை எறிந்துவிட்டு, ஓரத்தை மட்டும் பிரித்து நட வேண்டும்.

இந்த அளவறிந்த அறுப்பைப் பெரிய அளவில் பார்க்க விரும்புகிறவர்கள் காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், கீழே ஆண்டுக்கணக்கில் உழாத நிலத்தில் கொழுக்கட்டைப் புல். அரிவாளின் வேலையை அங்கே மாடும் ஆடும் செய்கின்றன. புல் எந்த மட்டத்துக்கு இறங்கியதும் உருப்படிகளை வெளியேற்றிப் படலைச் சாத்த வேண்டும் என்பது குடியானவரின் கண்ணளவு. பழையகோட்டைப் பட்டக்காரர் பேர் சொல்லும் காங்கயம் மாடுகள் இந்தப் புல்லைத் தின்று வளர்ந்த இனம். அழகுக்காக அமைக்கப்பட்டதல்ல கொரங்காடு. ஆனாலும் கிளுவை வேலியும் வெள்வேலின் குடையும் புல்லின் தூவியும் சேர்ந்த அந்தக் காட்சிக்கு ஈடாக எந்தத் தோட்டக் கலைஞரின் வரைபடத்தையும் நான் சொல்ல மாட்டேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு விதையைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா வழியாக நம் நாடு வரைதான் இதற்குச் சொந்த மண். அமெரிக்காவின் அரிசோனாவுக்கு மேய்ச்சலுக்கென்று கொண்டுபோய், இன்று சொனோரன் பாலைவனத்தில் அது சகுவாரோ கள்ளிகளுக்கு எமனாக நிற்கிறது. செடிக்குச் செடி வெற்றிடமாக இருந்த பாலையில் இடைவெளிகளைக் காய்ந்த புல் நிரப்பிவிட, தீ பரவ வழியாகிவிட்டது. அங்கே தன்னார்வலர்கள் கூடி அதைப் பிடுங்கி எறிகிறார்கள். இங்கே வெள்ளாடு இருக்கும்வரை அந்தக் கவலை இல்லை.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தீவனத்துக்காக ‘கோ 1’ என்று தந்த நீலக்கொழுக்கட்டை தோகையழகுக்கு நல்லது. சாம்பல் பூத்த நீலப்பச்சை. ஆவாரம்பூவின் மஞ்சளுக்கு முன்னால் வைத்தால் எடுப்பாகத் தெரியும். கதிரழகு வேண்டுமென்றால் நாட்டுப் புல்லேதான்.

அதைத் தேடுவதில் இருக்கிறது கடைசி ரசனை. நாட்டுப் புல்லில் வைக்கோல் நிறக் கதிர் உண்டு, சாம்பல் உண்டு, கத்தரிப்பூ நிறம் உண்டு, அடர்ந்த கருஞ்சிவப்பும் உண்டு. மண்ணும் வெயிலும் அதைக் கொஞ்சம் மாற்றுமே தவிர, அடிப்படை நிறம் தூரோடு வருவது. இந்தப் புல் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையால் கரு உண்டாக்குவதில்லை. தாயின் திசுவிலிருந்தே கரு உருவாகிவிடும். விதையில் முளைக்கிற பிள்ளை தாயின் அச்சாகவே இருக்கும். எனவே கார்த்திகையிலேயே நடந்து பார்த்து, மனசுக்குப் பிடித்த தூரில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்துவிட வேண்டும். தையில் போய், கதிரை விரலிடையில் வைத்து உருவினால் முற்றிய கொத்துகள் தாமாகக் கையோடு வந்துவிடும். இழுத்தும் வராதவை இன்னும் முற்றாதவை. புது விதை சரியாக முளைக்காது, அதற்கு உறக்கக்காலம் உண்டு. துணிப்பையில் கட்டிக் கோடை முழுவதும் காற்றாடத் தொங்கவிட்டு, புரட்டாசியில் ஈர மணலோடு பிசறி மேலாகத் தூவிக் கையால் தடவிவிட்டால் போதும். புதைக்கக் கூடாது. முதல் வருடம் கதிர் ஒன்றிரண்டுதான் வரும், அடுத்த கார்த்திகைக்குள் தூர் கட்டிவிடும்.