குரோசாவாவின் வாளும் தோட்டத்துக் கம்பும்

சிலம்பக்காரர் இருவர் புதிதாகச் சந்தித்தால் முதல் கேள்வி, ‘வாத்தியார் யாரு?’ என்பதுதான். நிலைக்கலக்கியா, துளுக்காணமா, நாகம் பதினாறா, குறவஞ்சியா, எந்தப் பாணி என்பது அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். சலாம் வரிசை எடுக்கும்போது மீதியும் தெரியும். ஜப்பானிய வாள்வீரர்களிடமும் இதே வழக்கம் உண்டு. ‘ரியூ’ எனப்படும் ஒவ்வொரு பள்ளிக்கும் அங்கே தனி நிற்பு, தனி வரிசை.

அகிரா குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ (1954) படத்தில் வாள்வீச்சு இன்றும் பொய்யாகத் தெரியவில்லை என்றால், அந்தப் பள்ளிகள்தான் காரணம். சண்டைகளை அமைத்த யோஷியோ சுகினோ, பதினைந்தாம் நூற்றாண்டில் தோன்றிய கத்தோரி ஷிந்தோ ரியூவின் ஆசான். அந்த ஏழு பேரில் ஒருவரான கியூசோவாக நடித்த செய்ஜி மியாகுச்சிக்கு வாள் புதிது. ஆனால் அவர் நிற்கிற நிற்பு அப்படிச் சொல்லாது.

கியூசோ அறிமுகமாகும் காட்சியை நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் போட்டுக் காட்ட வேண்டும். முதலில் கழியால் மோதுகிறார்கள். எதிராளி ‘சமம்’ என்கிறான். உண்மை வாளாக இருந்தால் நீ செத்திருப்பாய் என்கிறார் கியூசோ. அவனுக்கு ரோஷம். வாளை உருவுகிறான், மறுபடி மோதுகிறான், விழுகிறான். இரண்டு மோதலும் அச்சாக ஒன்றே. முதல் முறையே விடை கண்டவர், பார்க்கத் தெரிந்தவர்கள் மட்டும்.

கதை நடப்பது பதினாறாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க்காலத்தில். எஜமானில்லாத சாமுராய்களைச் சோற்றுக்கு அமர்த்திக்கொண்டு, உழவர்கள் மூங்கில் ஈட்டி பிடிக்கக் கற்கிறார்கள். 1588-இல் ஹிதெயோஷி உழவர்களின் ஆயுதங்களைப் பறிக்க ஆணையிட்டார். வாள் ஒரு வகுப்பின் உடைமையாயிற்று. 1543-இலேயே துப்பாக்கி வந்துவிட்டது. படத்தில் சாகும் நான்கு சாமுராய்களும் குண்டுக்குத்தான் சாகிறார்கள், வாளுக்கு ஒருவர்கூட இல்லை. பள்ளிகளின் பெருமையைக் காட்டிய கையோடு குரோசாவா இதையும் காட்டுகிறார். அதனால்தான் எனக்கு அவர் மேல் மரியாதை.

நம் கம்புக்கு இப்படிப்பட்ட வகுப்புப் பெருமை கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற தோட்ட முதலாளியின் பெயரைப் பெற்ற, மலேசியாவின் இந்தக் கேரித் தீவில், முதலில் ரப்பர், இப்போது செம்பனை. பால்மரம் வெட்ட வந்தவர்களோடு மாரியம்மனும் வந்தாள், சிலம்பமும் வந்தது. தோட்டத்துச் சிலம்பத்துக்குக் கோயில் திடலே பள்ளி. ஜப்பானியப் பள்ளிகள் தேர்ந்த சீடனுக்குச் சுருள் எழுதிக் கொடுத்தன. இங்கே வாத்தியார் வாயால் சொன்னதே சான்றிதழ். அவர் போனால் பாடத்தில் பாதி அவரோடு போய்விடும்.

அந்த இடைவெளியில் வேடிக்கை புகுந்துகொண்டது. ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) படத்தில் எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாவில் இருந்தபடியே கம்பு வீசினார். அதைப் பார்த்துக் கம்பெடுத்தவர்கள் ஏராளம், அதில் குற்றமில்லை. ஆனால் திருவிழாக்களில் இன்று தீப்பந்தம் சுற்றுகிறவனுக்குக் கிடைக்கும் கைதட்டல், காலடி சுத்தமாக வைப்பவனுக்குக் கிடைப்பதில்லை. நெற்றி உயரப் பிரம்பு, கண் எதிராளி மேல், காலடி பிசகக் கூடாது: தரம் என்றால் பழைய வாத்தியார்களுக்கு இவ்வளவுதான்.

போட்டிச் சிலம்பத்தில் தொட்டால் புள்ளி. இரண்டு கம்பும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பட்டால் தகராறு அங்கேதான் கிளம்பும். கியூசோவின் எதிராளியைப் போல இருவருமே ‘சமம்’ என்பார்கள். நடுவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது சங்கங்கள் விதிப்புத்தக அறிவோடு நிறுத்திக்கொள்ளாமல், அவர்கள் யாரிடம் காலடி கற்றார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.