ஏட்டோடு வராத சீட்டு: கணினியகத் தேடலில் கோப்புப் பண்புக்கூறுகளின் இடம் குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பழந்தமிழ் நூல்களின் மின்படிகளைத் தம் கணினியில் திரட்டி வைத்திருக்கும் ஆய்வாளர், கோப்பின் உள்ளடக்கத்தைக் கொண்டு தேடுவதில் பல தடைகளை எதிர்கொள்கின்றனர். அந்நிலையில் கோப்புடன் இணைக்கப்படும் மீதரவே தேடலுக்குப் பற்றுக்கோடாகிறது. கணினியகத் தேடல் மென்பொருளாகிய ரீகால், கோப்பு முறைமையின் நீட்டித்த பண்புக்கூறுகளைக் கையாளும் முறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அம்முறை தேடலுக்கு ஏற்றது. பாதுகாப்பிற்கு ஏற்றதன்று என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மீதரவு, பண்புக்கூறு, கணினியகத் தேடல், ரீகால், பாயிரம், பதிப்பு

முன்னுரை

நூலைப் பற்றிய செய்தியை நூலோடு சேர்த்து வழங்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டுச் செய்திகளைச் சிறப்புப்பாயிரத்தின் இலக்கணமாக நன்னூல் கூறும். 1995இல் தொடங்கி, பின்னர்ப் பதினைந்து கூறுகளாக வரையறுக்கப்பட்ட டப்ளின் கோர் மீதரவுத் திட்டத்தின் ஆக்கியோர், தலைப்பு, பொருள் முதலிய கூறுகள் இவ்வெட்டனுள் சிலவற்றோடு ஒப்புநோக்கத் தக்கவை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பாயிரம் நூலின் முகப்பில் நின்று, ஏடு பெயர்த்தெழுதப்படும்போது நூலோடு தானும் பெயர்த்தெழுதப்பட்டது. கணினிக் கோப்பின் பண்புக்கூறோ பல வேளைகளில் கோப்பிற்கு வெளியே நிற்கிறது. இவ்வேறுபாட்டின் விளைவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ளடக்கத் தேடலின் எல்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பொன்றின் மின்படி பெரும்பாலும் பக்கப் படங்களின் தொகுப்பே. அதில் கணினி படிக்கத்தக்க எழுத்து இல்லை. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் உருவாக்கப்பட்ட கோப்புகளில் திரையில் தமிழ் தெரிந்தாலும், தேடுபொறி பெறுவது பொருளற்ற இலத்தீன் எழுத்துகளையே. ரீகாலுடன் டெசராக்ட் என்னும் எழுத்துணரியை இணைக்க இயலும். ஆயினும் மங்கிய அச்சிலும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய எழுத்து வடிவங்களிலும் பிழை நேர வாய்ப்பு மிகுதி. ஆகவே இத்தகைய கோப்பைக் கண்டடைய அதன் பெயரும் மீதரவும் அன்றி வேறு உறுதியான வழியில்லை.

ரீகாலின் அணுகுமுறை

பண்புக்கூறுகளைச் சுட்டியிட்டுத் தேடும் எண்ணம் 1990களிலேயே பிஓஎஸ் இயக்குதளத்தின் கோப்பு முறைமையில் செயல்வடிவம் பெற்றது. அதனை வடிவமைத்தோருள் ஒருவரான டாமினிக் ஜியம்பாலோ, பின்னர் ஆப்பிள் நிறுவனத்தில் 2005இல் வெளிவந்த ஸ்பாட்லைட் தேடல் வசதியின் உருவாக்கத்தில் பங்கேற்றார். சேப்பியன் தேடல் நூலகத்தை அடிப்படையாகக் கொண்ட ரீகால், லினக்சில் இவ்வழியைத் திறந்த மூலமாகத் தொடர்கிறது.

கோப்பொன்றில் பயனர் சேர்க்கும் நீட்டித்த பண்புக்கூறுகளை ரீகால் ஆவணத்தின் புலங்களாகவே ஏற்கிறது. பண்புக்கூற்றின் பெயரை விரும்பும் புலப்பெயரோடு இணைக்கவும், புதிய புலத்தைத் தேடலுக்கு உரியதாக்கவும் அமைவுக் கோப்பில் சில வரிகள் எழுதினால் போதும். இதன்வழிப் ‘பதிப்பாசிரியர்’, ‘பதிப்பாண்டு’, ‘உரையாசிரியர்’ என்னும் பகுப்புகளை ஆய்வாளர் தாமே வகுத்துக்கொள்ளலாம். பண்புக்கூறு மாறும்போது கோப்பின் உள்ளடக்கத் திருத்த நேரம் மாறுவதில்லை. நிலைமாற்ற நேரம் மட்டுமே மாறும். ரீகால் இயல்பாகவே பின்னதை நோக்குவதால், புதிதாக இட்ட குறிப்பும் அடுத்த சுட்டியாக்கத்தில் இடம்பெறுகிறது. வாசகரின் குறிப்பை ஆசிரியரின் பனுவலுக்கு நிகராகத் தேடலில் மதிக்கும் இவ்வடிவமைப்பு பாராட்டத்தக்கது.

பதிப்பாய்வில் இதன் பயன் வெளிப்படை. சீவக சிந்தாமணியின் 1887ஆம் ஆண்டுப் பதிப்பின் மின்படிக்குக் கணினி காட்டும் நாள், அது பதிவிறக்கப்பட்ட நாளே. பழைய முகப்பேடுகளில் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருப்பின் சிக்கல் மேலும் கூடும். சர்வசித்து என்பது 1887இலும் தொடங்கும், 1947இலும் தொடங்கும். எந்தச் சர்வசித்து என்று தீர்மானிப்பது ஆய்வாளரின் பணி. அத்தீர்மானம் பதிவாக வேண்டிய இடம் பண்புக்கூறு.

சொல்லொழுங்கின் தேவை

புலம் அமைத்துத் தரும் மென்பொருள், அதனுள் இடும் சொல்லை ஒழுங்குபடுத்துவதில்லை. ‘உ.வே.சா.’, ‘உ. வே. சாமிநாதையர்’, ‘சாமிநாத ஐயர்’ ஆகிய மூன்றும் ஒருவரையே குறிப்பன என்பதைச் சுட்டி அறியாது. எழுத்து நிலையிலும் இடர்ப்பாடு உண்டு. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இரு குறியீடுகளாகவும் சேமிக்க ஒருங்குறி இடந்தருகிறது. தேடுபொறி இயல்பாக்கம் செய்யுமாயின் இவ்வேறுபாடு மறையும். ஆனால் ‘ஔவையார்’ என்பதை ‘ஒ’, ‘ள’ என இரண்டு எழுத்தாகத் தட்டச்சிடும் பரவலான வழக்கை எந்த இயல்பாக்கமும் திருத்தாது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு சொற்கள் தேடலில் ஒன்றையொன்று அறியா. எனவே பெயர்களுக்கும் பொருட்சொற்களுக்கும் ஒரு தரப்பட்டியலை முன்னரே வகுத்துக்கொள்ளாத ஆய்வாளர்க்குப் பண்புக்கூறுகள் பயனளிப்பது அரிது.

நிலையாமை

இம்முறையின் பெருங்குறை நிலையாமையே. லினக்சில் சாதாரணப் படியெடுப்புக் கட்டளை பண்புக்கூறுகளைக் கொண்டுசெல்வதில்லை. அதற்கெனத் தனி விருப்பத்தேர்வு தரவேண்டும். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறைமைகளில் அமைந்த பென் டிரைவில் அவற்றுக்கு இடமே இல்லை. மின்னஞ்சல் இணைப்பிலும் அவை உதிர்ந்துவிடும். இடமும் சிறிது: இஎக்ஸ்டி4 முறைமையில் ஒரு கோப்பின் பண்புக்கூறுகள் அனைத்தும் இயல்பாக ஒரு தொகுதிக்குள், பெரும்பாலும் 4096 பைட்டுக்குள், அடங்க வேண்டும். தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டு கொள்வதால் நீண்ட ஆய்வுக்குறிப்பு அதனுள் அடங்காது.

இக்கட்டுரையாளர் தம் ஆய்வின் மூன்றாம் ஆண்டில் புதிய கணினிக்கு மாறியபோது கோப்புகளைப் பென் டிரைவ் வழியாகக் கொண்டுசென்றார். கோப்புகள் அனைத்தும் பழுதின்றி வந்தன. எந்தப் பதிப்பு, எவர் உரை, எந்தப் பக்கத்தில் பாடவேறுபாடு என ஓராண்டுக்கு மேலாக இட்டுவந்த குறிப்புகளில் ஒன்றும் வரவில்லை. பிழைச்செய்தி எதுவும் தோன்றாததால், பழைய வட்டை அழித்த பின்னரே இழப்புப் புலனாயிற்று. சுவடிக்கட்டின் மேல் நூலால் கட்டிய சீட்டு அறுந்து விழுந்ததற்கு ஒப்பானது இது. ஏடு இருக்கிறது, அது இன்னதென்று சொல்வது இல்லை.

தீர்வு நோக்கி

நூலுக்கே உரிய செய்திகளான பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு முதலியவற்றைக் கோப்பின் உள்ளேயே பதிவது முதல் வழி. பிடிஎஃப் கோப்பில் இதற்கான இடம் உண்டு. எக்ஸ்எம்பி என்னும் மீதரவு வடிவம் 2012இல் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. எக்சிஃப்டூல் போன்ற கருவிகள் இப்பதிவைச் செய்கின்றன. ஆயின் உள்ளே எழுதினால் கோப்பின் பைட்டுகள் மாறும். மூலப்படியோடு ஒத்திருப்பதைச் சரிபார்க்கும் கூட்டுத்தொகையும் மாறும். பண்புக்கூறோ மூலத்தைத் தீண்டுவதில்லை. இம்முரணைக் கருதின், ஆவணக்காப்பகத்திலிருந்து பெற்ற படியை மாற்றாமல் தனியே வைத்து, ஆய்வுக்கான படியில் மட்டும் பாயிரச் செய்திகளைப் பதிவதே பொருத்தம்.

வாசகர்க்குரிய குறிப்புகள் பண்புக்கூறாகவே இருக்கலாம். அவற்றை அவ்வப்போது எளிய எழுத்துக் கோப்பொன்றில் வெளியெடுத்துச் சேமிக்கவும், கோப்புறை அமைப்பு மாறாதவரை அதிலிருந்து மீண்டும் ஏற்றவும் லினக்சில் கருவிகள் உள்ளன. நீண்ட குறிப்புகளைத் தனிக் கோப்பில் எழுதி வைப்பின் ரீகால் அவற்றையும் சுட்டியிடும்.

முடிவுரை

பண்புக்கூறுகளைப் புலங்களாக ஏற்பதில் ரீகால் தன் கடமையைச் செவ்வனே செய்கிறது. அவற்றின் நிலையாமை கோப்பு முறைமைகளின் குறை. சொல்லொழுங்கின்மை பயன்படுத்துவோரின் குறை. எனினும் சுட்டியில் இடம்பெற்ற குறிப்பு காக்கப்பட்டுவிட்டது என்னும் எண்ணத்தை ஆய்வாளர் கைவிட வேண்டும். சுட்டி மீண்டும் உருவாக்கத்தக்கது, குறிப்பு அவ்வாறன்று. ஆய்வேட்டில் இடம்பெறாத வாசிப்பு உழைப்பின் பெரும்பகுதி இத்தகைய குறிப்புகளிலேயே தங்கியுள்ளது. ஆய்வு நெறிமுறைப் பாடத்தில் மேற்கோள் காட்டும் முறைக்கு அளிக்கும் இடத்தில் ஒரு சிறு பகுதியேனும் கோப்பைப் பெயரிட்டுக் குறித்துக் காக்கும் முறைக்கும் அளிக்கப்படுதல் வேண்டும்.