வந்த வேளை

நம் குடும்ப நாவல்களில் ஒரு வழக்கமான கட்டம் உண்டு. தொழுவத்தில் பசு செத்துப் போகிறது. மாமனாருக்கு உத்தியோகம் போகிறது. உடனே எல்லோருடைய கண்ணும் போன மாதம் தாலி கட்டிக்கொண்டு வந்த பெண்ணின் மேல் விழுகிறது. "அவள் வந்த வேளை" என்கிறார்கள். சாமானிய ஆசிரியன் இந்த இடத்தில் நமக்குக் கண்ணீர் வரவழைத்துவிட்டுத் திருப்தியடைந்துவிடுவான். நல்ல ஆசிரியன் அந்த வீட்டுக் கணக்கை இருபது வருஷம் பின்னோக்கிப் புரட்டுவான்.

அப்படிப் புரட்டிப் பார்த்த ஒரு கட்டுரையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பழைய கணினி விளையாட்டுகளைச் செப்பனிடுவதில் பெயர் பெற்ற ஒரு நிபுணர் 2025 ஏப்ரலில் எழுதியது அது. இலக்கியம் என்று அது சொல்லிக்கொள்ளவில்லை. பள்ளிப்பட்டில் உறவுக்காரப் பையன் ஒருவன்தான் எனக்குக் காட்டினான். அவனுடைய பழைய ஆட்டம் ஒன்று அடிக்கடி உறைந்து நின்றுவிடுகிறது. கேட்டவர்களெல்லாம் ஒரே வைத்தியம்தான் சொன்னார்களாம்: புதிதாக வந்த விண்டோஸைத் தூக்கிவிடு, இல்லாவிட்டால் கணினியையே தள்ளிவிடு. வீட்டில் தறி ஓட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய கணினி. படிப்புக்கும் அவனுக்கு அது ஒன்றுதான்.

கட்டுரை சொல்லும் கதை இது. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' 2004-இல் வெளியாகி, மறு வருஷம் கணினிக்கு வந்த ஆட்டம். நீரில் இறங்கும் 'ஸ்கிம்மர்' என்ற விமானம் ஒன்று அதில் உண்டு. 2024-இல் விண்டோஸ் 11-இன் '24எச்2' பதிப்பு வந்ததும் அந்த விமானம் காணாமல் போயிற்று. ஆட்டத்தின் நாயகனை அந்த விமானத்துக்குள் வலுவில் உட்கார வைத்துப் பார்த்தார் நிபுணர். அவன் நட்சத்திரங்களுக்கும் அப்பால் தூக்கி எறியப்பட்டான். ஆட்டம் உறைந்து நின்றது.

ஏன் உறைந்தது? விமானத்தின் விசிறி எவ்வளவு சுழன்றிருக்கிறது என்ற கணக்கிலிருந்து ஒரு முழுச் சுற்றைக் கழி. மிச்சம் ஒரு சுற்றுக்குள் அடங்கும்வரை கழித்துக்கொண்டே இரு. இதுதான் உத்தரவு. ஆனால் கணக்கில் வந்து விழுந்ததோ இருபது இலக்கத்துக்கும் மேற்பட்ட ஓர் எண். இத்தகைய எண்ணில் முதல் ஏழு இலக்கங்களை மட்டுமே அந்த ஆட்டம் துல்லியமாக நினைவில் வைக்கும். அதிலிருந்து 6.28-ஐக் கழித்தால் கோடீஸ்வரன் சொத்தில் காலணா குறைந்த மாதிரிதான், எண் அசையாது. நம் கண்ணுக்குக் கணினி ஸ்தம்பித்து நிற்கிறது. வாஸ்தவத்தில் அது மூச்சு விடாமல் கழித்துக்கொண்டிருக்கிறது.

அவ்வளவு பெரிய எண் எங்கிருந்து வந்தது? வாகனங்களின் விவரப் பட்டியலில் ஸ்கிம்மரின் வரியில் சக்கர அளவுக்கான எண்கள் இல்லை. வரிகளைப் படிக்கும் பகுதியோ சிலேட்டைத் துடைக்காத மாணவன். முந்தின வரியில் ஒரு வேன். அதன் சக்கர அளவு சிலேட்டில் அழியாமல் கிடக்கும். அதையே விமானத்துக்கும் எடுத்துக்கொண்டு இருபது வருஷம் பறந்தது ஆட்டம். புதிய விண்டோஸ் தன் சொந்த வேலைக்காக அந்த மூலையிலும் எழுதிற்று. எழுத அதற்குப் பூரண உரிமை உண்டு. பழைய எண் அழிந்தது, குட்டு வெளிப்பட்டது.

எண்கள் விடுபட்டதற்கும் காரணம் காட்டுகிறார். 2002-இல் வந்த 'வைஸ் சிட்டி' என்ற முந்தைய ஆட்டத்தில் ஸ்கிம்மரைப் படகு என்றே பதிந்திருந்தார்கள். படகுக்குச் சக்கரம் எதற்கு? பிறகு அதை விமானமாக மாற்றியவர்கள் இனத்தை மட்டும் மாற்றிவிட்டுச் சக்கரத்தை மறந்துவிட்டார்கள். பள்ளிப்பட்டுக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் உடனே விளங்கும். 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் ஜில்லாவை விட்டுச் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்த ஊர் அது. தலைப்பு மாறினால், அதன் கீழுள்ள கட்டங்களையெல்லாம் புதிதாக நிரப்பியாக வேண்டும்.

துப்பறியும் கதை என்றே இதைப் படிக்கலாம். வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் காலத்திலிருந்து நாம் அவற்றைப் படித்து வருகிறோம். பெரும்பாலானவற்றில் ஆசிரியன் துப்பை ஒளித்து வைத்திருப்பான். இங்கே ஒளிவு மறைவு இல்லை. புகார் முதலில் வந்தது இந்த நிபுணரின் திருத்தத் தொகுப்பின் மேல்தான். அதை நீக்கிவிட்டுச் சோதித்தார். கோளாறு அப்போதும் இருந்தது. சரி, விண்டோஸ்தான் குற்றவாளி என்று அங்கேயே கதையை முடித்திருக்கலாம். முடிக்காமல் இன்னொரு கேள்வி கேட்டார்: "அப்படியானால் இத்தனை நாள் எப்படி ஓடிற்று?" கட்டுரையின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பிற்பகுதி இயந்திர பாஷையில் மூழ்கிவிடுகிறது. என் போன்ற வாசகன் தத்தளிக்கிறான். முடிவில் அவர் சொல்லும் நீதியும் சிறியது: உள்ளே வரும் விவரங்களைச் சரிபாருங்கள், எச்சரிக்கைகளை அலட்சியம் செய்யாதீர்கள் என்கிறார். தொழிலாளிக்கு அது போதும். தன் கட்டுரை அதைவிடப் பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டது என்பதை அவர் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஒன்று நேற்றுவரை ஓடிற்று என்பது அது சரியாக இருந்ததற்குச் சாட்சி ஆகாது. அதிர்ஷ்டத்தாலும் ஓடியிருக்கலாம்.

ஆட்டம் உறையும் வீட்டில் கணினியை விற்பதற்கு முன் இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்துப் பார்க்கலாம். பிறகு சேர்த்தவற்றையெல்லாம் நீக்கி மூல ஆட்டத்தை ஓட்டுவது, அதே கோளாறு பிறருக்கும் உண்டா என்று விசாரிப்பது, முன்பு எதை நம்பி ஓடிற்று என்று தேடுவது. ஸ்கிம்மருக்கு விடுபட்ட எண்களை அதன் வரியில் எழுதியதே போதுமானதாயிற்று. புது விண்டோஸும் இருந்தது. விமானமும் திரும்பி வந்தது.

நம் நாவலாசிரியர்களும் இதைப் படித்தால் நல்லது. பசு செத்த அன்று வீட்டுக்கு வந்தவள் யார் என்று நமக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பசு எத்தனை நாளாக நோயோடு நின்றது என்பதை யாராவது எழுத வேண்டும்.