சபர்மதியில் சீரானது எது?

அகமதாபாத்தின் சபர்மதி ஆற்றங்கரைப் பூங்காவைப் பார்த்துவிட்டு வரும் சென்னைக்காரர்கள், கூவத்தை ஏன் இப்படி ஆக்க முடியவில்லை என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே சீரானது கரையா, ஆறா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

கரையைக் குறை சொல்ல அதிகமில்லை. 2005இல் வேலை தொடங்கி 2012இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இரு புறமும் 11 கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை, பூங்காக்கள், மலர்க் கண்காட்சி, படகுச் சவாரி, 2022இல் திறந்த 300 மீட்டர் அடல் நடைபாலம். பாலத்துக்கு டிக்கெட் உண்டு. தண்ணீரை ஒட்டிய கீழ்த்தளத்தில் நடக்கக் காசு வேண்டாம். இத்தனை ஈர்ப்புகளிலும் நான் மிக உயர்வாக மதிப்பது இந்தக் காசில்லா நடையைத்தான். வீட்டில் காற்றாட இடமில்லாத குடும்பம் மாலையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகலாம். நம் நகரங்களில் அது எளிதில் கிடைப்பதில்லை.

இந்தக் கரைக்கான சுமார் 200 ஹெக்டேர் நிலம் ஆற்றுப் படுகையிலிருந்தே எடுக்கப்பட்டது. இடத்துக்கு இடம் அகலம் மாறிய ஆற்றை, சுவர் எழுப்பி ஏறத்தாழ 263 மீட்டருக்குள் ஒடுக்கினார்கள். மழைக்காலம் போனால் வறண்டு கிடந்த அந்தப் படுகையில் காய்கறி பயிரிட்டவர்கள் இருந்தார்கள், துணி வெளுத்தவர்கள் இருந்தார்கள். கரையோரக் குடிசைகளிலிருந்து 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அகற்றப்பட்டன. மாற்று வீட்டுக்காக அவர்கள் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கிடைத்த வீடுகளில் பல, பிழைப்புக்கு எட்டாத தூரத்தில்.

இப்போது ததும்புகிற நீரும் நர்மதைக் கால்வாயிலிருந்து வருவது. வாஸ்னா தடுப்பணை அதைத் தேக்கி வைத்திருக்கிறது. கரையோரச் சாக்கடைகளைத் தடுத்துத் திருப்பக் குழாய்கள் பதித்ததைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தடுப்பணைக்குக் கீழே நகரக் கழிவும் ஆலைக் கழிவும் கலக்கின்றன. 2021இல் குஜராத் உயர் நீதிமன்றம் தானே முன்வந்து இதை விசாரித்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022 அறிக்கையில், மிக மோசமாக மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளில் கூவம் முதலிடம், சபர்மதி இரண்டாமிடம். சபர்மதியில், கழிவின் அளவைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 292 மில்லிகிராம். குளிக்கத் தகுந்த நீரில் அது 3ஐத் தாண்டக் கூடாது.

சபர்மதிக் கரை திறந்த அதே 2012இல் சிங்கப்பூர், பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் வாய்க்காலை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக்கியது. கனமழையில் பூங்காவே வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. நீர்நாய்கள் கூட வந்து சேர்ந்தன. ஆண்டெல்லாம் மழை பெய்யும் ஊரை வறண்ட குஜராத்தோடு அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனால் ஆற்றுக்கு இடம் விடுவதற்கும் ஆற்றிடமிருந்து இடம் பிடுங்குவதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு மழையளவு காரணமாகாது.

பொழுதுபோக்கு இடமாகச் சபர்மதிக் கரை வென்றிருக்கிறது. ஆற்றைச் சீரமைத்த திட்டம் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. கூவத்துக்கு அதன் காசில்லா நடைபாதையை மட்டும் கடன் வாங்கலாம். அதுவும் சாக்கடை கலப்பதை முழுதாக நிறுத்திய பிறகு, கரையில் வாழ்பவர்களுக்கு அருகிலேயே வீடு கொடுத்த பிறகு.