எபிதவுரோசில் கண்ட அமைதி

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி மில்லர் 1939ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டில் கழித்த சில மாதங்களின் பயன் ‘மரூசியின் பேருருவம்’ என்னும் பயண நூல். 1941இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இவ்வாசிரியரின் பிற நூல்களை இறையியல் கல்லூரி நூலகங்களில் வைக்கத் தயங்குவோர் உண்டு. தயக்கத்திற்குக் காரணமும் உண்டு. இந்நூல் அவ்வகையைச் சேர்ந்ததன்று. பழங்கால இடிபாடுகளின் நடுவே ஒரு வழிப்போக்கன் மன அமைதி காண்பதை இத்துணை வலிமையுடன் கூறும் நூல்கள் மிகச் சிலவே. அதனாலேயே இதனை ஊன்றிப் படிக்கவும், முதன்மையான ஓரிடத்தில் மறுக்கவும் வேண்டியுள்ளது.

கொர்பு தீவில் வாழ்ந்த எழுத்தாளர் லாரன்ஸ் டரலின் அழைப்பின் பேரில் மில்லர் அங்குச் சென்றார். நூற்பெயரில் வரும் ‘பேருருவம்’ கட்சிம்பாலிஸ் என்னும் நண்பர். ஓயாது கதை சொல்பவர். 1963இல் நோபெல் பரிசு பெற்ற கவிஞர் செபெரிசும் நூலில் இடம்பெறுகிறார். தொல்லியல் செய்திகளைத் தேடுவோருக்கு ஏமாற்றமே மிஞ்சும். நண்பர்களைப் பற்றிய பக்கங்கள் சிலவும் அளவு மீறி நீண்டு சலிப்பூட்டுகின்றன.

நூலின் சிகரம் எபிதவுரோஸ் பற்றிய பகுதி. பெலொப்பொனேசுவின் வடகிழக்கே, குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், மருத்துவத் தெய்வமாகிய அஸ்கிலேப்பியனின் திருத்தலம் இருந்தது. ஏறத்தாழ 14,000 பேர் அமரத்தக்க கல்லரங்கம் இன்றும் நிற்கிறது. அவ்விடத்தை நெருங்க நெருங்கத் தேடல் ஓய்ந்து மௌனம் பிறக்கிறது என்கிறார் மில்லர். உலகனைத்திற்கும் உரிய ஒரே இதயத்தின் துடிப்பை அந்த நிசப்தத்தில் உணர்ந்தாராம். பிடித்துக்கொண்டிருப்பதை விட்டுவிடுவதே நோய்க்கு மருந்து. பகைவனை வெல்வதால் சமாதானம் வந்துவிடாது. மனிதனின் உள்ளம் மாறவேண்டும். ஐரோப்பா போரில் இறங்கிய ஆண்டிலே இதனை உணர்ந்தவரை வெறும் உல்லாசப் பயணி என்று தள்ளிவிட இயலாது. மனந்திரும்புதலைப் பற்றி நாம் ஆற்றும் அருளுரைகளிலே இவ்வளவு கூர்மை எப்போதும் இருப்பதில்லை.

ஆனால் மில்லர் துய்த்த அமைதி அத்தலத்தின் அமைதிதானா? இக்கேள்வியை அவர் எழுப்பவில்லை. எபிதவுரோஸ் நோயாளிகளின் ஊர். குருடரும் முடவரும் பிள்ளையற்றோரும் நெடுந்தொலைவு நடந்து வந்து, தூய்மைச் சடங்குகளை முடித்து, கனவில் தெய்வம் தோன்றுமென்று துயில்மண்டபத்தில் படுத்துக் கிடந்தனர். அங்கு நடந்ததாகச் சொல்லப்பட்ட குணமாக்குதல்கள் கற்பலகைகளில் பொறிக்கப்பட்டன. சில பலகைகள் அகழ்வாய்வில் கிடைத்துள்ளன. அவற்றில் தாசோஸ் தீவினனாகிய எர்மோன் என்பவனின் கதை ஒன்று. குருடனாக வந்தவன் பார்வை பெற்றான். நன்றிக் காணிக்கையைச் செலுத்தாமல் விட்டான். தெய்வம் மீண்டும் அவனைக் குருடாக்கிற்று. அவன் திரும்பி வந்து படுத்த பின்னரே மறுபடி பார்வை கிடைத்தது. கடன் தீர்க்காதவனுக்குக் கண் இல்லை என்று வாசலிலே எழுதி வைத்த இடத்தில் படுத்திருந்தவனுக்கு உறக்கம் எளிதில் வந்திருக்குமா?

இன்னும் கடுமையான செய்தி ஒன்று உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற பௌசானியாஸ் என்னும் பயணி அதனைக் குறித்து வைத்திருக்கிறார். தலத்தின் எல்லைக்குள் எவரும் சாகலாகாது. எப்பெண்ணும் பிள்ளை பெறலாகாது. ஆகவே சாகும் தறுவாயில் இருந்தவர்களும் பேறுகாலம் நெருங்கியவர்களும் கூரையின்றி வெளியே கிடந்தனர். அந்தோனினுஸ் என்னும் உரோமப் பெருமகனே பின்னர் அவர்களுக்கு ஒரு விடுதி கட்டிக்கொடுத்தான். பிறப்பையும் இறப்பையும் எல்லைக்கு அப்பால் தள்ளிக் காக்கப்பட்ட தூய்மை அது. மாற்கு 5ஆம் அதிகாரத்தை இதனருகே வைத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாடுள்ள ஒரு பெண், வைத்தியர்களிடம் கைப்பொருள் முழுவதையும் இழந்தவள், ஆண்டவரின் ஆடையைத் தொடுகிறாள். சிறிது நேரத்தில் அவர் இறந்த சிறுமியின் கையைப் பிடிக்கிறார். அங்கே காணிக்கைப் பேச்சே எழவில்லை.

மில்லருக்குக் கிடைத்த அமைதி பொய்யென்பது என் கருத்தன்று. அது இடிபாடு தரும் அமைதி என்பதே கருத்து. தெய்வம் போய்விட்டது, காணிக்கை கேட்பவன் இல்லை, வெளியே முனகும் நோயாளியும் இல்லை. நம்மிடம் எதையும் கேளாத இடத்தில் நெஞ்சம் இளைப்பாறுவது இயல்பே. அப்போஸ்தலனாகிய பவுல் அத்தேனே பட்டணத்தைக் கண்டபோது பார்த்தெனோன் கோவில் கட்டி முடித்து ஏறத்தாழ 480 ஆண்டுகள் கடந்திருந்தன. ஆயினும் அது இடிபாடாகவில்லை, வழிபாடு நடந்துகொண்டிருந்தது. அவருடைய ஆவி அமைதியடையவில்லை, வைராக்கியமடைந்தது. அழகை உணரும் கண் அவருக்கில்லை என்று இதற்கு விளக்கம் கூறுவோர் உண்டு. அவர் கண்டது உயிருள்ள சமயத்தை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

நம் திருமறையின் தமிழ் இவ்விடத்தில் நமக்கு உதவுகிறது. கொந்தளித்த கடலுக்கு உண்டானது ‘அமைதல்’. சீடருக்குத் தரப்பட்டது ‘சமாதானம்’. பின்னது தரப்பட்டது காட்டிக்கொடுக்கப்பட்ட இரவிலே. மில்லர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார். இந்நூல் வெளிவந்த 1941ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜெர்மானியப் படைகள் கிரேக்கத்தினுள் நுழைந்தன; அந்தக் குளிர்காலத்தில் ஆதென்ஸ் நகரத் தெருக்களிலே மக்கள் பசியால் மடிந்தனர். மில்லர் முன்னரே தம் நாட்டிற்குத் திரும்பியிருந்தார். இதற்காக அவரைக் குறைகூற மாட்டேன். கல்லரங்கில் பெற்றதை அந்தத் தெருவில் நின்றவனுக்குக் கொடுத்திருக்க முடியுமா என்றுதான் கேட்கிறேன்.

கிறிஸ்தவ வாசகர் பெருமிதம் கொள்ளவும் இங்கே இடமில்லை. எபிதவுரோஸ் தலத்தின் நுழைவாயிலருகே 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கிறிஸ்தவ ஆலயம் எழுந்தது. இன்று அதுவும் அடித்தளமாகவே கிடக்கிறது. அங்கே நிற்கும் பயணிக்கு அதுவும் இதமான இடமே.

மாணவர்கள் இந்நூலை மிக்கேனே பகுதியிலிருந்து தொடங்குவது நன்று. அங்கே நிலத்தடி நீர்த்தொட்டிக்கு இறங்கும் வழுக்குப் படிகளில், இருமுறை, வெவ்வேறு நண்பர்களுடன் சென்றும், மில்லர் அச்சத்தால் கீழே இறங்காமல் திரும்பிவிடுகிறார். அந்த அச்சத்தை அவர் அலங்கரிக்கவில்லை. விளக்கி ஆற்றவும் முயலவில்லை. அதனைப் படித்தபின் எபிதவுரோசுக்கு வரலாம்.